அளவு எடுக்காத முதுகு

டெய்லரம்மாவின் கடையில் வயதே ஆகாத ஒருத்தி இருந்தாள். தலை கிடையாது, கை கிடையாது, இடுப்புக்குக் கீழே ஒற்றை மரக்கால். மற்றபடி அச்சு அசல் டெய்லரம்மாவேதான். முப்பது வயதில், பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்று, தண்ணீர் தொட்டு ஒட்டும் பழுப்புக் காகித நாடாவைத் தன் உடம்பைச் சுற்றி ஒட்டும்படி கணவரிடம் சொன்னாள். வேன் ஓட்டுகிற மனிதர். அன்றுதான் வாழ்க்கையில் முதல் முறையாகத் தையல் வேலை பார்த்தார். அவர் நாடாவை நக்கிப் பார்த்து முகம் சுளிக்க, இவள் சிரிக்க, வயிற்றுப் பக்கம் காகிதம் சுருங்க, "சிரிச்சுத் தொலைக்காத, உன் இடுப்பு கோணிக்கும்" என்று அவர் கத்த, ஒருவழியாகக் கூடு காய்ந்தது. முதுகில் கத்தரி விட்டுப் பிளந்து, அவளை வெளியே எடுத்தார். கூட்டுக்குள் பஞ்சும் கந்தலும் அடைத்து மரக்காலில் நட்டார்கள்.

முதலில் அதற்குப் பெயர் இரட்டை. வருஷங்கள் போகப் போக அது தங்கச்சி ஆகிவிட்டது. டெய்லரம்மாவுக்கு நரை வந்தது, கன்னம் தொங்கியது. தங்கச்சி அப்படியே நின்றாள். தங்கச்சி என்றால் கணவருக்கு மச்சினிச்சி முறை. கடைக்குப் பின்னாலேயே வீடு. வேனை நிறுத்திவிட்டுச் சாப்பிட வரும்போதெல்லாம், "என்ன, என் மச்சினிச்சி இன்னைக்கு நல்லா டிரஸ் பண்ணியிருக்கா?" என்பார். "அவளுக்கு வாய் இல்ல, அதான் உங்களுக்குப் பிடிக்குது" என்பாள் டெய்லரம்மா.

தனக்கு வேண்டிய எதையும் அவள் தங்கச்சி மேல் போட்டுத்தான் வெட்டுவாள். ஊரார் உடம்புக்கு டேப்; தன் உடம்புக்குத் தங்கச்சி. இது அவளுடைய சட்டம். வாடிக்கையாளர் யாராவது, "போன வருஷ அளவுக்கே தைச்சிடுங்க" என்றால் மட்டும் விடமாட்டாள். "போன வருஷ ஆளு நீங்க இல்ல. வந்து நில்லுங்க" என்பாள்.

வலி முதலில் பேச்சு மாதிரிதான் வந்தது. கட்டிங் டேபிள் தாழ்வானது. குனிந்து பள்ளிச் சீருடைகளை அடுக்கடுக்காக வெட்டும்போது இடுப்பில் யாரோ "என்ன?" என்று கேட்பது போல ஒரு தட்டல். அவள் பதில் சொல்லவில்லை. ஒருநாள் கீழே விழுந்த பாபினை எடுக்கக் குனிந்தாள். இடுப்பிலிருந்து புட்டம் வழியாகக் கெண்டைக்கால் வரை கரண்ட் அடித்தது. பாபின் நூலை அவிழ்த்துக்கொண்டே உருண்டு மிஷினுக்கு அடியில் போயிற்று. அவளால் நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கேள்விக்குறி மாதிரி நின்றாள். பக்கத்துக் கடை போன் ரிப்பேர்க்காரன்தான் சத்தம் கேட்டு ஓடி வந்தான்.

"என்னக்கா, எதாவது தேடறீங்களா?"

"ஆமாடா தம்பி. என் இடுப்பைத் தேடறேன். பிடிச்சு நிறுத்து."

எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் மெத்தைகளைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். "இதெல்லாம் டிஸ்க். வெள்ளையா இருக்கு பாருங்க. இந்தக் கீழ் ரெண்டு மட்டும் கறுத்துப்போய்த் தட்டையாயிருக்கு. தேய்மானம். வயசு ஏறஏற எல்லாருக்கும் ஆகறதுதாம்மா. இதுல ஒண்ணு லேசா பிதுங்கி நரம்பத் தொடுது, அதான் கால்வலி. பெரும்பாலும் தானா அடங்கிடும். ஆபரேஷனுக்கு அவசரமே இல்ல. பாதத்தத் தூக்க முடியாமப் போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமப் போனாலோ, தொடைநடுவுல மரத்துப்போனாலோ உடனே ஓடி வந்துடுங்க. மத்தபடி படுத்தே கிடக்காதீங்க. மாத்திரை கொஞ்ச நாளைக்கு. நடங்க. கீழே பிசியோகிட்ட போங்க, உடற்பயிற்சி சொல்லித் தருவாங்க."

டாக்டர் எல்லாம் சொன்னார். டெய்லரம்மாவின் காதில் பாதிதான் ஏறியது. கண் அந்தக் கறுப்பு இரண்டின் மேலேயே நின்றுவிட்டது. இஸ்திரிப் பெட்டியை ஒரு கணம் மறந்து வைத்தால் துணியில் விழும் கருகல் அது. கருகிய துணியை அவளுக்குத் தெரியும். விரல் பட்டால் உதிரும். அதற்கு ஒரே வைத்தியம், பின்னால் கேன்வாஸ் வைத்துத் தைத்துவிட்டு, அந்த இடத்தை மடக்காமல் பார்த்துக்கொள்வது.

அதையே செய்தாள். கீழே பிசியோவிடம் போகவில்லை. மருந்துக்கடையில் தொங்கிய இடுப்புப் பெல்டைப் புரட்டிப் பார்த்து, "இது என்ன தையல், நாய் கடிச்ச மாதிரி" என்று திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து, கோட்டுக்கு உள்ளே வைக்கும் முரட்டுக் கேன்வாஸை இரண்டு மடிப்பாக வைத்து, நெடுக்காகக் கம்பிப் பட்டைகள் சொருகப் பைகள் தைத்து, உடம்பில் படும் பக்கம் மெல்லிய பருத்தி லைனிங் கொடுத்து, தானே ஒரு பெல்ட் தைத்தாள். தங்கச்சி மேல் போட்டு ஊசி குத்தி, செதுக்கிச் செதுக்கி வெட்டினாள். தங்கச்சிக்கு அது தோல் மாதிரி ஒட்டி நின்றது. வேனோட்டி பார்த்துவிட்டு, "மச்சினிச்சி போருக்குப் போறாளா?" என்றார்.

டெய்லரம்மா அதைப் போட்டுக்கொண்டாள். முதல் வாரம் சொர்க்கம். பிறகு உட்கார்ந்தால் மேல் ஓரம் விலாவில் முட்டியது, கீழ் ஓரம் இடுப்பெலும்பை அறுத்தது. பருத்துவிட்டோம் என்று நினைத்துப் பக்கத்துத் தையலைப் பிரித்து அகலம் விட்டாள். அப்போதும் முட்டியது. பொறுத்துக்கொண்டாள். தூங்கும்போதும் கழற்றவில்லை. குனிவதை விட்டாள், நடப்பதைக் குறைத்தாள். செருப்பைக் கணவர் மாட்டிவிட்டார். கண்ணாடிக் குடத்தைத் தலையில் வைத்திருப்பவள் மாதிரி கடையில் ஒரு நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருப்பாள். தைக்க வந்த துணிகள் வேறு கடைக்குப் போக ஆரம்பித்தன.

விசித்திரம் என்னவென்றால், எவ்வளவு பத்திரமாக இருந்தாளோ அவ்வளவு பலவீனமானாள். மூன்று மாதம் கழித்துப் பெல்ட் இல்லாமல் பல் தேய்க்கக்கூட நிற்க முடியவில்லை.

போன் ரிப்பேர்க்காரன் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தான். அவன் கடை ஓர் அலமாரி அகலம்தான். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க கடைய விடறதா இருந்தா எனக்கே குடுத்துடுங்க. வெளியாள் வந்தா எனக்கு நிக்கவே எடமிருக்காது."

டெய்லரம்மா மிஷினைப் பார்த்தாள். "அடுத்த மாசம் போகட்டும், அதுக்கப்புறம் ஒண்ணாந்தேதி வந்து சாவி வாங்கிக்க" என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

 மறுநாள் கணவர் அவளை வேனில் ஏற்றினார். "எங்க?" என்றாள். "கடைய மூடறதுன்னா மூடு. அதுக்கு முன்னாடி அந்த பிசியோ என்னதான் சொல்றாங்கன்னு கேட்டுட்டு மூடு. கேக்காம மூடினா எனக்குத் தூக்கம் வராது."

பிசியோ இருந்தது ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் மேல்பாதியில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும் ஓர் அறையில். அவருக்கு டெய்லரம்மா வயதே இருக்கும். இளமையில் கைப்பந்து ஆடிய உயரமான பெண்மணி. கட்டிலுக்கு மேலே எட்டாத உயரத்தில் இருந்த தலையணையை எம்பாமல் எடுத்துவிட்டார். காலைத் தூக்கச் சொன்னார், நுனிக்காலில் நடக்கச் சொன்னார், குதிகாலில் நடக்கச் சொன்னார், முழங்காலில் சுத்தியலால் தட்டினார். "நரம்பு நல்லாத்தான் வேலை செய்யுது" என்றுவிட்டு, பெல்டைக் கழற்றி வாங்கினார். அதைத் தூக்கி எறிவார் என்று டெய்லரம்மா எதிர்பார்த்தாள். அவரோ உள்பக்கம் திருப்பி ஓரங்களைத் தடவிப் பார்த்தார்.

"யாரு தைச்சது?"

"நான்தான்."

"இந்த ஆஸ்பத்திரியிலயே இப்படி ஒண்ணு கிடையாது. ஆனா ஏன் இவ்ளோ நீளம்? விலாவுல செவந்திருக்கு, இடுப்புல செவந்திருக்கு. யாரோட அளவு இது?"

"என் அளவுதான் மேடம்."

"டேப் வெச்சு எடுத்தீங்களா?"

 கணவர் முந்திக்கொண்டு, "மச்சினிச்சி அளவு மேடம்" என்றார். பிசியோவுக்குப் புரிய வைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அந்த உயரமான பெண்மணி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

டெய்லரம்மா சிரிக்கவில்லை. அவளுக்குள் ஏதோ ஊசி நுனி போலக் குத்தியது. ஊரையே நிற்க வைத்து அளந்தவள், இத்தனை வருஷம் தன்னை அளக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் டேப்பைக் கணவர் கையில் கொடுத்தாள். பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரை. பிறகு அதே டேப்பில் தங்கச்சிக்கு. தங்கச்சியின் முதுகு ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடுதல்.

"டேப்பத் தளர்த்திப் பிடிச்சீங்க."

"மச்சினிச்சிக்கு ஒரு மாதிரி, உனக்கு ஒரு மாதிரி பிடிப்பனா?"

அவள் தானே டேப்பைப் பிடித்து மறுபடி அளந்தாள். ஓர் அங்குலம் எங்கே போயிற்று? அகலமாகியிருந்தால் தெரியும், அது கண்ணாடியில் தெரிகிற விஷயம். குட்டையாவது கண்ணாடியில் தெரியாது, ஏனென்றால் கண்ணும் சேர்ந்தே இறங்குகிறது. எங்கே இறங்கினோம், எப்போது? படுத்தபிறகும் இதுவே ஓடியது. காலையில் எழுந்ததும், பல் தேய்க்காமல், "திரும்ப எடுங்க" என்றாள். இந்த முறை முதுகு கொஞ்சம் வளர்ந்திருந்தது.

"தூங்கி எழுந்தா வளர்றதுக்கு நான் என்ன குழந்தையா?"

டேப்பை நம்ப முடியாது என்று முடிவு செய்தாள். கடைக் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று, தலைமேல் மட்டப்பலகையை வைத்து, தையல் சாக்பீஸால் கோடு போடச் சொன்னாள். காலையில் ஒரு கோடு, சாயங்காலம் ஒரு கோடு. சாயங்காலக் கோடு கீழே விழுந்தது. மறுநாளும் அப்படியே. கணவரையும் நிறுத்தினாள். அவருடைய கோடும் இறங்கியது. போன் ரிப்பேர்க்காரனைக் காலையில் கடை திறக்கும்போது பிடித்து நிறுத்தினாள். அவன் இருபத்தைந்து வயதுக்காரன். அவனுடைய கோடும்கூட மாலையில் ஒரு விரல்நகம் அளவு கீழே.

"அக்கா, நான் இப்பவே குட்டை. இதுல சாயங்காலம் வேற குறையறேனா? இனிமே பொண்ணு பாக்கக் காலையிலதான் போகணும்."

கதவு நிலை வெள்ளைக் கோடுகளால் நிரம்பியது. டெய்லரம்மா வலியை மறக்கவில்லை. ஆனால் பல வாரங்களில் முதல் முறையாக வலியைத் தவிர இன்னொன்றையும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிசியோவிடம் அடுத்த முறை போனபோது உட்காருமுன்பே கேட்டாள். "மேடம், ராத்திரி என்ன நடக்குது?"

"யாருக்கு?"

"எல்லாருக்கும். முதுகுக்குள்ள."

 பிசியோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "டிஸ்க்குக்குள்ள தண்ணி இருக்கு டெய்லரம்மா. பகல்ல நம்ம பாரம் அதப் பிழியுது. கொஞ்சம் கொஞ்சமா வெளிய கசியுது. படுத்தா பாரம் எறங்குது, திரும்ப உறிஞ்சிக்குது. அதான் காலையில வளர்ந்துடறோம். வயசானா அதோட உறிஞ்சற சக்தி குறையும், உசரம் குறையும். உங்க ஓர் அங்குலம் மொத்தமும் டிஸ்க்லயே போகல, எலும்பும் கூனும்கூடப் பங்கு கேட்டிருக்கும். ஆனா டிஸ்க்குக்கும் ஒரு பங்கு உண்டு."

"அப்ப அந்தக் கறுப்பு?"

"அந்தப் படத்துல தண்ணி வெள்ளையாத் தெரியும். தண்ணி கம்மியான எடம் கறுப்பாத் தெரியும். அவ்வளவுதான்."

"கருகல் இல்லையா?"

"கருகலா? யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. டெய்லரம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

பிசியோ எழுந்து பீரோவுக்கு மேலிருந்து ஒரு பெரிய உறையை எடுத்து, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நாலு மெத்தைகள் கறுப்பு. ஒன்று பிதுங்கியும் இருந்தது. "பாவம், இவங்க எப்படி நடக்கறாங்க?" என்றாள் டெய்லரம்மா.

"நடந்துதான் வந்தேன். பஸ்ஸ விட்டுட்டேன்."

மேலே ஜன்னலில் யாருடைய செருப்போ கடந்து போயிற்று. டெய்லரம்மா படத்தையும் அந்த நெடிய முதுகையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"படத்துல கறுப்பா இருக்கற எல்லாருக்கும் வலிக்கறதில்ல" என்றார் பிசியோ. "நம்ம வயசுல வலியே இல்லாத பத்துப் பேரப் படம் பிடிச்சா பாதிக்கு மேல இப்படித்தான் இருக்கும். உங்களுக்கு நரம்பு சீண்டுச்சு, நெசமாவே வலிச்சுது. அது பொய்யில்ல. ஆனா இப்ப நீங்க நிக்க முடியாததுக்கு டிஸ்க் காரணமில்ல. உங்க முதுகுச் சதைக்கு மூணு மாசமா லீவு விட்டுட்டீங்க. வேலைய பெல்ட் பாத்துக்குது, சதை தூங்குது. இன்னொண்ணு, டிஸ்க்குக்குள்ள ரத்தக்குழாய் போறதில்ல. அசைஞ்சு, அமுங்கி, விரிஞ்சாத்தான் சத்து உள்ள போகும், கழிவு வெளிய வரும்."

டெய்லரம்மாவுக்கு இஸ்திரி மேஜை மூலையில் இருக்கும் ஸ்பாஞ்சு ஞாபகம் வந்தது. நனைத்துப் பிழிந்துகொண்டே இருந்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். பத்து நாள் விடுமுறை விட்டால் ரஸ்க் மாதிரி ஆகிவிடும். அதைப் பத்திரப்படுத்துவதற்காக யாராவது பெல்ட் தைத்துப் போடுவார்களா? தன்னையறியாமல் சிரித்துவிட்டாள்.

"கறுப்பு திரும்ப வெளுக்குமா மேடம்?"

"வெளுக்காது. பொய் சொல்லமாட்டேன். ஆனா வலி குறையும். நீங்க குனியலாம், தைக்கலாம். படத்துக்கு வைத்தியம் பாக்கல, உங்களுக்குத்தான் பாக்கறோம்."

பெல்டை ஒரேயடியாகக் கழற்றச் சொல்லவில்லை. முதலில் தூங்கும்போது வேண்டாம், பிறகு காலையில் வேண்டாம் என்று பொழுது பொழுதாகக் குறைத்தார். கட்டிங் டேபிளின் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து இடுப்பு உயரத்துக்கு ஏற்றச் சொன்னார். ஒரு காலர் முடித்தால் எழுந்து தெருமுனை வரை போய் வர வேண்டும். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்க வேண்டும். நாய் மாதிரி நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்ட வேண்டும். அதைப் பார்த்த கணவர், "குரைக்க வேண்டாமா?" என்று கேட்டு ஒரு தலையணையால் அடி வாங்கினார்.

நேர்க்கோடாக ஒன்றும் ஆகிவிடவில்லை. ஒரு வாரம் கரண்ட் மறுபடி அடித்தது. "எல்லாம் போச்சு. ஒண்ணாந்தேதி சாவியக் குடுத்துடறேன்" என்று அழுதாள். பிசியோ காலைச் சோதித்துவிட்டு, "வலிச்சா உடைஞ்சுதுன்னு அர்த்தமில்ல. நேத்து என்ன பண்ணீங்க?" என்றார். ஆசையில் ஒரே மூச்சில் ஆறு சீருடை வெட்டியிருந்தாள். "அது உங்க மச்சினிச்சி வயசுக்காரி வெட்டற அளவு" என்றார் பிசியோ. முறை மாறிய கேலி. ஆனால் டெய்லரம்மாவுக்கு உறைத்தது.

ஒன்றாம் தேதி காலையில் அவள் கடையைத் திறந்து, சாவியைப் பழைய சட்டையின் பையில் போட்டுவிட்டு, பழுப்புக் காகித நாடாவை மேஜைமேல் வைத்தாள்.

"என்ன இது?" என்றார் கணவர்.

"எனக்கு இன்னொருத்தி வேணும். இப்போதைய ஆளு. சுத்துங்க. என்னால கடைசிவரைக்கும் நிக்க முடிஞ்சா கடை. முடியலன்னா சாவி. ரெண்டுல ஒண்ணு."

அவர் நாடாவை நனைத்தார். கை முன்பைவிட மெதுவாக ஓடியது. முதல் சுற்று முடியும்போதே அவள் இடுப்பு கல்லாக ஆரம்பித்தது. பல்லைக் கடித்தாள். அசையக் கூடாது, கூடு கோணும். அது தொழில் தர்மம். மார்புக்கு மேல் வந்தபோது கால் நடுங்கியது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தவள், கதவு நிலையின் சாக்பீஸ் கோடுகளைப் பார்த்தாள். மேலே, கீழே, மேலே, கீழே. ஒரு கோடாவது நின்ற இடத்தில் நிற்கவில்லை.

"கொஞ்சம் நகருங்க" என்றாள்.

"எங்க போற? ஈரம் காயலியே!"

"நடந்துட்டு வரேன்."

காகிதச் சட்டையோடு கட்டிங் டேபிளைச் சுற்றி நடந்தாள். ஒவ்வோர் அடிக்கும் இடுப்பில் காகிதம் சரசரத்து மடிந்தது. இரண்டு சுற்று போய்விட்டு வந்து நின்றாள். அவர் ஒட்டினார். மறுபடி நடந்தாள். கல் கரைந்தது.

கழுத்துக்கு வந்துகொண்டிருந்தபோது போன் ரிப்பேர்க்காரன் கடையில் அலமாரி போட அளவெடுக்கக் கையில் அளவுக் குச்சியோடு உள்ளே வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அக்கா, பார்சல்ல போறீங்களா?"

"எங்கயும் போகலடா. என்ன வேணும்?"

"சாவி... ஒண்ணாந்தேதின்னீங்க."

டெய்லரம்மா கையால் சட்டைப் பையைத் தேடினாள். விரல்கள் காகிதத்தில் முட்டின. சாவி சட்டைப் பையில் இருந்தது. சட்டை மூன்று சுற்றுக் காகிதத்துக்கு உள்ளே இருந்தது. கணவரும் பார்த்தார். அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

"உள்ள இருக்குடா தம்பி. அது இனிமே வெளிய வராது" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "வாக்குக் குடுத்தேன், மாத்தறேன். என் மேல கோவம் வந்தா நியாயம்தான். அந்தக் கண்ணாடிப் பக்கம் தங்கச்சி நிக்கற எடத்த எடுத்துக்க. உன் மேஜை ஒண்ணு போடலாம். அவளுக்கு இனிமே வேலையில்ல."

அவன் குச்சியால் அந்த மூலையை அளந்தான். மறுபடி அளந்தான். "மேஜை போட்டா ஸ்டூலுக்கு எடமில்லக்கா."

"நின்னுக்கிட்டே வேலை பாரு. முதுகுக்கு நல்லது."

"அப்ப தங்கச்சி?"

"உனக்குத்தான் பொண்ணு பாக்கறாங்களே" என்றார் வேனோட்டி.

டெய்லரம்மாவுக்கு அடக்க முடியவில்லை. வயிறு குலுங்கியது, காகிதம் சுருங்கியது. "சிரிச்சுத் தொலைக்காத, கோணிக்கும்" என்று அவர் கத்தினார். கோணட்டும் என்று விட்டுவிட்டாள்.

காய்ந்ததும் முதுகில் கத்தரி விட்டு அவளை வெளியே எடுத்தார். புதியவள் தங்கச்சியைவிட ஓர் அங்குலம் குட்டை. இடுப்பைச் சுற்றிலும், நடந்ததாலும் சிரித்ததாலும் விழுந்த மடிப்புகள். பஞ்சு அடைக்குமுன் கணவர் அதைத் தண்ணீர் தொட்டு நீவி நேராக்கப் போனார்.

"அத விடுங்க" என்று டெய்லரம்மா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஆணியில் மாட்டினாள். அப்போது கை தட்டி ஒரு பாபின் கீழே விழுந்து உருண்டது. அவள் முழங்காலை மடக்கி, மெதுவாக, தானே குனிந்து எடுத்தாள்.